எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் கொழும்பு! தனுஷ்கோடி ரயில் நிலையம் பற்றி இதெல்லாம் தெரியுமா?

சென்னை எழும்பூர் நிலையத்தின் கவுன்டரில் பணத்தை நீட்டி, "கொழும்புக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்க முடிந்த காலம் ஒன்று இருந்தது, தெரியுமா? விமான டிக்கெட்டைச் சொல்லவில்லை. ரயில் டிக்கெட்! எழும்பூரில் ரயில் ஏறி, நடுவில் கப்பல் மாறி, அக்கரையில் இறங்கி மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்! அந்தப் பயணத்தில் ரயில் முடிந்து கப்பல் தொடங்கிய இடம் எது? இன்று கூரை இல்லாமல் சுவர்கள் மட்டும் மணலில் நிற்கிறதே, அந்தத் தனுஷ்கோடி ரயில் நிலையம்தான்!

ராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் வருகிறார்கள். இடிந்த தேவாலயத்தின் முன் ஒரு படம், அரிச்சல்முனையில் ஒரு படம், சங்கு மாலை இரண்டு, அவ்வளவுதான். ரயில் நிலையத்தின் சுவரைத் தாண்டிப் போகும்போது, "இதுவும் ஏதோ இடிஞ்ச கட்டடம்" என்று கடந்துவிடுகிறார்கள். பேய் நகரம் என்று வேறு ஒரு பெயர் வைத்துவிட்டோம். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதே இல்லை. ஐம்பது ஆண்டுகள் இரண்டு நாடுகளைக் கைகோத்து வைத்திருந்த ஒரு மீனவக் கிராமத்து நிலையத்தை, அது செத்த ஒரே இரவை மட்டும் வைத்து நினைவு வைத்துக்கொள்வது என்ன நியாயம்? அது வாழ்ந்த கதையைக் கேளுங்கள். மூச்சு வாங்கும்!

தனுஷ்கோடியில் ரயில் நிலையம் வருவதற்கு முன்பே 'போட் மெயில்' இருந்தது, தெரியுமா? அப்போது அது போனது தூத்துக்குடிக்கு. அங்கே கப்பல் ஏறி, நீண்ட கடல் பயணம் போய்க் கொழும்புத் துறைமுகத்தில் இறங்க வேண்டும். குடல் வெளியே வந்துவிடும் அளவுக்கு அலை புரட்டும் காலங்களும் உண்டு. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் கரையிலிருந்து ஒரு விரல் இலங்கையை நோக்கி நீண்டிருக்கும். அதன் நுனிதான் தனுஷ்கோடி. எதிரே தலைமன்னார். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். இந்த விரல் நுனி வரை ரயிலைக் கொண்டுபோய்விட்டால் கப்பல் பயணம் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிடுமே! ஆனால் அந்த விரல் ஒரு தீவு. பாம்பன் கால்வாயைத் தாண்டினால்தான் அங்கே போக முடியும்.

தாண்டினார்கள்! 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். நடுவில் கப்பல் போக வழிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துத் தூக்குவதுபோல் எழும்பும் 'ஷெர்சர்' தூக்குப் பாலம். அதைத் தூக்க மின்சார மோட்டாரா இருந்தது? இல்லை! ஆட்கள் கூடி, தோள் வலிக்கக் கையாலேயே சுற்றித் தூக்கினார்கள். அந்தக் கைவேலை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்தது என்பதுதான் இன்னும் பெரிய வியப்பு.

பாலத்தைத் தாண்டிப் பாம்பன் நிலையம் வந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு. மற்றொன்று தனுஷ்கோடிக்கு, கடல் தாண்டப் போகிறவர்களுக்கு. ரயிலையும் கப்பலையும் நடத்தியது ஒரே கம்பெனி: தென்னிந்திய ரயில்வே. பிற்காலத்தில் ஓடிய கப்பல்களில் இரண்டின் பெயர் 'இர்வின்', 'கோஷன்'. 1931-ல் காந்தியோடு ஒப்பந்தம் போட்டாரே, அந்த வைஸ்ராய் இர்வின் பெயர்தான் ஒன்றுக்கு. மற்றது சென்னை மாகாண கவர்னர் கோஷன் பெயர். வைஸ்ராயும் கவர்னரும் தனுஷ்கோடிக் கரையில் நாள் தவறாமல் பெட்டி படுக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்!

அதற்கு முன்பு இன்னும் பெரிய கனவு ஒன்றும் இருந்தது, தெரியுமா? தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடலின் மேலேயே ரயில் பாலம் கட்டிவிடுவது! மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கும் அந்தச் சேதுப் பாதையில் தண்டவாளம் போட ஆங்கிலேயர் திட்டமே தீட்டினார்கள். செலவைப் பார்த்துக் கைவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். தனுஷ்கோடிக்கு வந்த பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். இலங்கையின் பாதையோ அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். ஆகவே பாலமே கட்டியிருந்தாலும் எழும்பூர்ப் பெட்டி நேராகக் கொழும்புக்கு உருண்டிருக்காது. எங்காவது ஓரிடத்தில் எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த இறங்கும் இடமாக இருந்தது தனுஷ்கோடி.

இறங்கியவர்களெல்லாம் யார்? வியாபாரிகள், அதிகாரிகள், ராமேஸ்வரம் வந்து திரும்பும் இலங்கை பக்தர்கள். இவர்களைவிடப் பெருங்கூட்டம் ஒன்று இந்த வழியில் போனது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்கள்! கங்காணி பின்னால் மூட்டை முடிச்சோடு, கைக்குழந்தையோடு வரிசையாக நடந்த கூலித் தொழிலாளர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாடு வரை நடந்தே போனார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ரயில் வந்தபிறகு அந்த நடை ஒழிந்தது. மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசி போட்டு, பிறகுதான் அனுப்புவார்கள். இந்திய மண்ணில் வேறொரு நாட்டின் முகாம்!

அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு எப்படிப்பட்ட டிக்கெட் தந்தார்கள், தெரியுமா? தகர வில்லை! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தோட்டம் என்பதற்கான எண் பொறித்த ஒரு தகரத் துண்டை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டக்காரர் அதைத் தொழிலாளியின் கடன் கணக்கில் ஏற்றிவிடுவார். ஒரே வழியில் இரண்டு விதமான மனிதர்கள். ஒருவர் சட்டைப் பையில் அட்டை டிக்கெட்டோடு போகிறார். இன்னொருவர் எண் பொறித்த தகரத்தோடு போகிறார். இந்த வழியின் பெருமையைப் பேசும்போது அந்தத் தகரத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இப்போது ஒரு சிறுவனைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை எப்படி இறக்குவது? ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஓடும் ரயிலிலிருந்தே வெளியே வீசுவார்கள்! வீசும் கட்டைப் பாய்ந்து பிடிக்க ஏஜென்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு ஓர் ஆள் துணை வேண்டியிருந்தது. அந்த ஆள் யார் தெரியுமா? நம் அப்துல் கலாம்! அவர் சம்பாதித்த முதல் சம்பளம் இந்தப் பாதையோரத்தில் கிடைத்ததுதான். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். தனுஷ்கோடிக்கு விரைந்துகொண்டிருந்த ஒரு ரயில் வீசிய காகிதக் கட்டைப் பிடித்த கைகள், பின்னாளில் ஏவுகணை செய்தன, குடியரசுத் தலைவராகக் கையெழுத்திட்டன. நினைத்தாலே சிலிர்க்கவில்லையா?

ஊர் எப்படி இருந்தது என்கிறீர்களா? தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில் எல்லாம் இருந்தன. இத்தனையும் இருபுறமும் கடல் சூழ்ந்த ஒரு மணல் நாக்கின் மேல்! ஒருபக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களின் பேச்சில் அமைதியாகக் கிடப்பது 'பெண் கடல்', ஆர்ப்பரிப்பது 'ஆண் கடல்'.

இந்த உப்புக்கு நடுவே குடிதண்ணீர்? இதுதான் நான் கண்ணால் கண்ட அதிசயம். பழைய நிலையச் சுவரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் அம்மா மணலில் குந்தி உட்கார்ந்து கையாலேயே பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார். முழங்கை ஆழம்கூட இல்லை, தண்ணீர் கசிந்து தேங்கியது. தெளியட்டும் என்று கொஞ்சம் பொறுத்தார். பிறகு சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார். கூப்பிடு தூரத்தில் கடல் இரைகிறது. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "கடத்தண்ணி இல்ல தம்பி, ஊத்துத் தண்ணி. குடிச்சுப் பாருங்க" என்று சிரட்டையை நீட்டினார். குடித்தேன். துளி உப்பு இல்லை!

எப்படி? மழைநீர் மணலில் இறங்குகிறது. உப்பு நீரைவிட நல்ல நீர் எடை குறைவு. அதனால் அடியில் இருக்கும் கடல்நீரின் மேல், பாலின் மேல் ஆடை படிவதுபோல் மிதந்துகொண்டே இருக்கிறது. மெல்லத் தோண்டினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. அந்த அளவு தெரிந்த கைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

இனி அந்த இரவுக்கு வருவோம். அதைத் தாண்டிப் போக வழியில்லை.

1964 டிசம்பர் 17. அந்தமானுக்குத் தெற்கே கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. இரண்டே நாளில் புயல். 22-ஆம் தேதி அது இலங்கையின் வவுனியாப் பக்கம் கடந்து, பாக் நீரிணையில் இறங்கி, அன்று நள்ளிரவில் தனுஷ்கோடியின் மேல் ஏறியது. மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்கிறார்கள். கடல் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்து வந்தது. ஏழு மீட்டர் என்றால் இரண்டு மாடி வீட்டுக்கு மேல்! பெண் கடலும் ஆண் கடலும் ஊரின் நடுவில் ஒன்றாகிவிட்டன.

அதே நேரத்தில்தான் பாம்பனிலிருந்து ஒரு ரயில் கிளம்பியது. எண் 653, பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். ஆறு பெட்டிகள். இரவு 11.55 மணி. கணக்கில் 110 பயணிகள், ஐந்து ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடி நிலையம் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும்போது சிக்னல் விளக்கு இருண்டுகிடந்தது என்றும், ஓட்டுநர் நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டு ரயிலை நகர்த்தினார் என்றும் சொல்கிறார்கள். அதற்குமேல் சொல்ல அந்த ரயிலில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஒரு பேரலை ரயிலை அப்படியே வாரிக்கொண்டது. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்குக் கணக்கே இல்லை.

பாம்பன் பாலத்திலிருந்து ரயில் கவிழ்ந்து விழுந்தது என்றுதான் பலரும் இன்றுவரை நம்புகிறார்கள். அது தவறு, தெரியுமா? 653 கிளம்பியதே பாலத்துக்கு இந்தப்பக்கம், தீவுக்குள் இருக்கும் பாம்பன் நிலையத்திலிருந்து. அது அன்றிரவு பாலத்தில் ஏறவே இல்லை. பாலமும் உடைந்தது, ரயிலும் போனது, இரண்டும் ஒரே இரவில் நடந்தன. அதனால் கதை ஒன்றோடொன்று கலந்துவிட்டது. இன்னொன்று: ஒரு முழு ரயில் காணாமல் போன செய்தி தலைமை அலுவலகத்திலிருந்து வெளிவர 48 மணி நேரம் ஆனது! தந்திக் கம்பி அறுந்து, பாலம் அறுந்து, தீவே துண்டாகிக் கிடந்தது. மண்டபத்திலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் தந்த தகவலை வைத்துத்தான் ரயில்வே அறிவிப்பு வெளியிட்டது.

புயலில் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர். நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் அந்த நாளில் ராமேஸ்வரத்தில்தான் இருந்தார்கள், பிழைத்தார்கள். சுற்றியுள்ளதெல்லாம் அடித்துக்கொண்டு போக, கோதண்டராமர் கோயில் நின்றது.

பாலத்தின் கதையோ வேறு! கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள். ஆனால் ஷெர்சர் தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றிருந்தது. ஆறு மாதத்தில் சரிசெய்யலாம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. மூன்றே மாதத்தில் வேண்டும் என்று மேலதிகாரி சொன்னார். பொறுப்பை ஏற்ற 32 வயது என்ஜினியர் எத்தனை நாளில் முடித்தார் தெரியுமா? 46 நாள்! கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, மீண்டும் தூக்கி வைத்து 46 நாளில் ரயிலை ஓட்டிக் காட்டினார். அவர்தான் பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய இ.ஸ்ரீதரன். பிறகு அந்தப் பாலத்தில் காற்றளக்கும் கருவியும் வந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகும் ஏற்பாடு அது. 653-க்கு அப்படி ஒரு சிவப்பு விளக்கு கிடைத்திருந்தால்!

பாலம் எழுந்தது, தனுஷ்கோடிப் பாதை எழவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. கப்பலும் அங்கேயே மாறியது. இதில் நெஞ்சைப் பிசையும் ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. புயலுக்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, 1964 அக்டோபர் 30 அன்றுதான் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு. பாட்டனும் பூட்டனும் கடல் தாண்டிய அதே வாசல் வழியாக அவர்கள் திரும்பி வந்திருக்க வேண்டும். வருவதற்குள் வாசலே இல்லாமல் போயிற்று! 'ராமானுஜம்' என்ற கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். போகும்போது தடுப்பூசி போட்டு அனுப்பிய அதே மண்டபம்! 1980-களில் அந்தக் கப்பலும் நின்றது. மண்டபம் முகாம் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழருக்கு இடம் தந்தது.

அக்கரையில் இருந்த ஜோடி நிலையம் என்ன ஆயிற்று, தெரியுமா? தலைமன்னார்ப் பாதையை அழித்தது புயல் இல்லை, போர். 1990-ல் ரயில் நின்றது. போர் முடிந்தபின் இந்திய உதவியோடு மறுபடி தண்டவாளம் போட்டார்கள். 2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறைக்கு ரயில் திரும்ப வந்துவிட்டது! ஜோடியில் ஒன்று எழுந்து நிற்கிறது, மற்றது மணலில்.

இக்கரையிலும் பேச்சு இல்லாமல் இல்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதுவரை முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அப்புறம் மணலில் ஜீப்புதான். 2019 மார்ச் 1 அன்று ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். சுமார் 17 கிலோமீட்டர். ரயில் இன்னும் வரவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி 72.5 மீட்டர், லிப்ட்போல் அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது.

ரயில் தனுஷ்கோடிக்குத் திரும்ப வருமா, வரவேண்டுமா என்பதில் எனக்கே இரண்டு மனம். ஊற்று நீர் மிதக்கும் அந்த மெல்லிய மணலின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற கவலை இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும் இடம் வேறு. ஆனால் நிற்கிற சுவரைக் காப்பாற்றுவதில் ஒரே மனம்தான். உப்புக்காற்று ஒருபக்கம் அரிக்கிறது. நாம் ஒருபக்கம் அரிக்கிறோம். நான் போன அன்று சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த செங்கல்லின் மேல், யாரோ இருவர் ஆணியால் தங்கள் பெயரைக் கீறி, நடுவில் இதயமும் வரைந்திருந்தார்கள்.

அடுத்த முறை தனுஷ்கோடி போனால் வண்டியை அந்தச் சுவர்களின் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் இது பேய் வீடு என்று சொல்லாதீர்கள், கொழும்புக்குப் போகிறவர்கள் இறங்கிய ஸ்டேஷன் என்று சொல்லுங்கள். தயவுசெய்து ஒரு கல்லைக்கூடப் பெயர்த்து எடுத்து வராதீர்கள், சுவரில் பெயர் எழுதாதீர்கள். போவதற்கு ரயில் வேண்டுமா? எழும்பூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இரவு ரயில் இன்றும் இருக்கிறது. கப்பல் நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அதன் பெயர் இன்றும் 'போட் மெயில்' தான்.